தூளியில் ஓடிய தறி

டிராக்கிங் செக்‌ஷனில் புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளே, உங்கள் முன்னால் நின்று நாலு வார்த்தை பேச வேண்டும் என்று மேனேஜர் எனக்குச் சொல்லி அனுப்பினார். என்னால் முடியாது. நான் வேலையை விட்டு நின்ற அன்று கையில் மைக்கைக் கொடுத்தார்கள். "வணக்கம்" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. மைக்கைக் கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள். எதற்கு என்று இன்றுவரை தெரியவில்லை. அதனால் இதை எழுதித் தருகிறேன். ஐந்தாவதுவரை படித்தவள் எழுத்து, பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களில் சத்தமாகப் படிக்க வருகிற ஒருத்தி படியுங்கள், மற்றவர்கள் கேளுங்கள். படிக்கும்போது நான் அந்தப் பக்கம் வர மாட்டேன்.

எனக்குச் சொந்த ஊர் மாகறல். எங்கள் வீட்டில் யாரும் தறியில் உட்கார்ந்தது கிடையாது, நாற்று நட்டவர்கள். நான் இந்தக் கம்பெனி குடோனுக்குப் பெருக்க வந்தேன். பிறகு கட்டு கட்டினேன். பிறகு நெசவாளர் வீடுகளுக்குப் பாவு கொண்டுபோய்க் கொடுத்துப் புடவை வாங்கிவரும் ஆளானேன். பாவு என்றால் உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும், தறியில் நீளவாக்கில் ஏற்றுகிற பட்டு நூல். ஒரு பாவில் மூன்று புடவை வரும். பாவு குடோனை விட்டுப் போகும், என்றைக்காவது புடவையாகத் திரும்பி வரும். நடுவில் அது யாரோ ஒருவர் வீட்டில், அவர்கள் சோறு தின்கிற, தூங்குகிற, சண்டை போடுகிற இடத்தில் இருக்கும்.

அந்த நடுவைப் பற்றித்தான் கல்யாண வீட்டுக்காரர்களுக்குக் கவலை. புடவை எங்கே இருக்கிறது என்று போன் செய்வார்கள். குடோனில் அதற்கு ஒரே பதில்தான் வைத்திருந்தோம். "தறியில இருக்குதும்மா." நூல் இன்னும் சாயப் பட்டறையில் கிடந்தாலும் அதுதான் பதில். மழைக்குத் தறிக்குழியில் தண்ணீர் ஊறிப்போய் நெசவாளர் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தாலும் அதுதான். ஒரு தடவை நெய்து முடித்த புடவை என் கைப்பையில் இருந்தபோதும், சொன்ன பழக்கத்தில், "தறியில இருக்குதும்மா" என்று சொல்லிவிட்டு அதே புடவையைக் கொண்டுபோய் அந்த அம்மாவிடமே கொடுத்தேன். கேட்கிறவர்களும் அந்தப் பதிலைக் கேட்டு நிம்மதியாக போனை வைத்துவிடுவார்கள்.

சென்னைக் கடையைப் பார்த்துக்கொள்கிற சின்ன முதலாளிக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. இரண்டு இட்லி வரவழைத்தால்கூட, வண்டிக்காரர் எந்த முக்கில் திரும்புகிறார் என்று போனில் தெரிகிறது, இவ்வளவு விலை கொடுக்கிற பட்டுப்புடவைக்கு இதுதான் பதிலா என்று கேட்டார். கேட்டது நியாயம்தான்.

அதற்காகத்தான் ஒரு பெண் வந்தாள். தறி ஓடுகிறதா என்று பார்த்துச் சொல்கிற மிஷினைச் செய்தவள் அவளே. என் மகளைவிடச் சின்னவள். பெயரை எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள், எழுதவில்லை. மேடம் என்று கூப்பிட்டால் வேறு யாரோ வந்திருக்கிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்ப்பாள். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் யார் என்று கேட்டால் நான் அவளைத்தான் சொல்வேன்.

இப்போது நீங்கள் வைத்திருக்கிற பெட்டி இல்லை, அப்போதையது தீப்பெட்டி அளவு. நெய்யும்போது தறியில் ஒரு பலகை முன்னும் பின்னும் ஆடுமே, அதில் ரப்பர் பட்டை போட்டுக் கட்ட வேண்டும். பலகை ஆடினால் பெட்டியில் பச்சை விளக்கு மினுக்கும். ஆட்டம் நின்று சற்று நேரம் ஆனால் மஞ்சளாகும். ஆபீஸ் சுவரில் பெரிய டி.வி., அதில் நெசவாளர்கள் குடியிருக்கிற பிள்ளையார்பாளையம் முழுக்கத் தெருத்தெருவாக, வீட்டுக்கு ஒரு புள்ளி. இங்கே பச்சை என்றால் அங்கேயும் பச்சை. எத்தனை ஆட்டம் என்று எண்ணி, புடவை எவ்வளவு முடிந்திருக்கிறது, என்றைக்குக் கைக்கு வரும் என்று அதுவே சொல்லிவிடும். வாங்குகிறவர்களுக்கும் ஒரு லிங்க் போகும், அவர்கள் வீட்டில் இருந்தபடியே புள்ளியைப் பார்க்கலாம். தெருவில் அந்தப் பெட்டிக்கு மின்மினி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

சின்ன முதலாளி ஒரு ரூல் போட்டார். மின்மினியைத் தறியோடு கட்டியிருக்க வேண்டும். அவிழ்த்தாலோ தொலைத்தாலோ பாவைத் திரும்ப எடுத்துக்கொள்வோம், அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குப் பாவு கிடையாது. அதை வீடு வீடாகச் சொல்லும் வேலை எனக்கு. என் குரல் எப்படி என்று தெரியுமே, பாதிப் பேருக்குக் காதில் விழுந்திருக்காது. விழுந்தவர்கள் பயந்துபோனார்கள்.

முதல் அமாவாசை வந்தது. அமாவாசைக்குத் தறி ஓட்டுவதில்லை என்பதை இந்த ஊரில் யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அதனால் கம்ப்யூட்டருக்கும் யாரும் சொல்லவில்லை. காலையில் எல்லாப் புள்ளியும் மஞ்சள். சின்ன முதலாளி போனுக்கு அபாயச் செய்தி போயிருக்கிறது. என்னைக் கூப்பிட்டு அங்கே வெள்ளமா என்று கேட்டார். வெயில் கொளுத்துகிறது என்றேன். கலவரமா என்றார். தெருவை எட்டிப் பார்த்தேன். ஒருவர் வாழைக்காய் வாங்கிக்கொண்டு போனார், வேறு ஒன்றும் இல்லை சார் என்றேன். வாழைக்காய் சொன்னால் அமாவாசை என்று விளங்காத ஒரு மனிதர் இருப்பார் என்று எனக்கு எப்படித் தெரியும்? அவர் அந்தப் பெண்ணைக் காரில் ஏற்றி அனுப்பிவிட்டார்.

அவள் வந்து விஷயத்தைக் கேட்டு வெகுநேரம் சிரித்தாள். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று சொன்னாள். அவள் எனக்குக் கற்றுக்கொடுத்ததில் பெரியது அதுதான்.

"ராணிம்மா, இது என்ன நடக்குதுன்னு சொல்லாது. ஆடுதா ஆடலையான்னு மட்டும்தான் சொல்லும். நான் செஞ்சேன், அதனால எனக்குத் தெரியும். டி.வி.ல பார்க்கிறவங்க மறந்துடுவாங்க. நீங்க மறக்காதீங்க."

தலையாட்டினேன். அவள் கேட்டுக்கொண்டதால்தான் ஆட்டினேன், அப்போது முழுதாகப் புரியவில்லை.

இனி சேகர் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

சேகர் என்கிற பையனும் அவன் மனைவி தேவியும் பிள்ளையார்பாளையத்தில் ஒரு சந்துக்குள் குடியிருந்தார்கள். ஒரே அறை, அதில் பாதி தறி. அரக்குக் கலர் பாவு ஏறியிருந்தது. முதல் புடவையை நெய்து கொடுத்தான், தேவிக்குப் பெண் குழந்தை பிறந்தது, இரண்டாவது புடவையைத் தொடங்கினான். அந்தச் சமயத்தில்தான் டி.வி.யில் ஒரு அதிசயம் தெரிய ஆரம்பித்தது.

மற்றப் புள்ளிகள் சாப்பாட்டு நேரத்தில் மஞ்சளாகும். வீட்டில் சண்டை வந்தால் மஞ்சளாகும், கிரிக்கெட் மேட்ச் அன்று தெருவே மஞ்சளாகும். சேகர் புள்ளி மட்டும் பச்சை. கோழி கூவுவதற்கு முன்பே பச்சை, ஊர் தூங்கப் போன பிறகும் பச்சை. இரண்டாவது அமாவாசை அன்று தெரு முழுக்க மஞ்சள் பூத்துக் கிடக்க, நடுவில் அவன் ஒருவன் பச்சை. சின்ன முதலாளி பூரித்துப்போனார். அதற்கு நட்சத்திரத் தறி என்று பெயர் வைத்து, புள்ளியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நட்சத்திரம் போடச் சொன்னார். நானும் குழந்தை பிறந்ததும் பையனுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அமாவாசைதான் கொஞ்சம் உறுத்தியது. சாமி கும்பிடுகிற பையன் அவன்.

அப்போது அண்ணாநகரில் இருந்து ஒரு அம்மா சென்னைக் கடைக்கு வந்தார்கள். பெண்ணுக்குக் கல்யாணம் நெருங்கிவிட்டது, முகூர்த்தப் புடவை அமையவில்லை. சேகர் நெய்த முதல் அரக்குப் புடவையின் படத்தைப் பார்த்து, இதுதான் வேண்டும் என்றார்கள். அது விற்றுப்போயிருந்தது. சின்ன முதலாளி போனைப் பார்த்தார். அதே பாவில் அடுத்த புடவை முடியப்போகிறது, வெள்ளிக்கிழமை கையில் இருக்கும் என்று மிஷின் சொன்னது. அவரும் வாக்குக் கொடுத்துவிட்டு லிங்க்கையும் கொடுத்துவிட்டார். அந்த அம்மா வேறு கடைக்குப் போவதை நிறுத்திவிட்டு நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். சொந்தக்காரர்களுக்கெல்லாம் காட்டினார்களாம், என் பெண்ணுக்காக ஒருத்தர் தூங்காமல் நெய்கிறார் என்று.

வெள்ளிக்கிழமை காலை புடவையை வாங்கிவரச் சொல்லி என்னை அனுப்பினார்கள். சந்தில் நுழையும்போதே ஏதோ குறைந்தது. தறிச் சத்தம் இல்லை. நின்று போனை எடுத்துப் பார்த்தேன். நட்சத்திரம் பச்சையாக மினுக்கிக்கொண்டிருந்தது. போனில் தறி ஓடுகிறது, காதில் ஓடவில்லை. என் காதில்தான் கோளாறு என்று நினைத்துக் காதைக் குடைந்துகொண்டேன். உங்களில் யாராக இருந்தாலும் முதலில் அதைத்தான் செய்வீர்கள்.

உள்ளே போனேன். தறி சும்மா நின்றது. பாவில் ஒரு சாண் நெய்திருந்தது, அவ்வளவுதான். உத்தரத்தில் இருந்து தூளி தொங்கியது. சேகர் கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தூளிக் கயிற்றை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தான். கண் மூடியிருந்தது. தூங்குகிறான், கை மட்டும் வேலை செய்கிறது. தூளிக்குள், குழந்தை முகத்துக்கு நேராக, மின்மினி கட்டித் தொங்கியது. பச்சையாக மினுக்கியது. குழந்தை அதையே பார்த்துக்கொண்டிருந்தது.

நான் நின்ற சத்தத்தில் சேகர் விழித்துக்கொண்டான். கை நின்றது. விளக்கு மஞ்சளானது. குழந்தை வீறிட்டு அழுதது. அவன் அவசரமாகக் கயிற்றை இழுத்தான். பச்சை வந்தது. அழுகை நின்றது.

தேவி அடுப்பை விட்டு ஓடி வந்தாள். அவள் சொன்னது இதுதான். பலகையில் கட்டியிருந்த ரப்பர் பட்டை அறுந்துபோனது. கம்பெனி சாமான் தொலைந்தால் பாவைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்து, எப்போதும் கண்ணில் படுகிற இடமாகத் தூளிக் கயிற்றில் முடிந்து உள்ளே தொங்கவிட்டாள். குழந்தைக்கு அந்தப் பச்சை பிடித்துப்போனது. மஞ்சள் பிடிக்கவில்லை.

"மஞ்சள் வந்தா கத்துது பெரிம்மா. பச்சையாவே இருக்கணும்னா ஆட்டிக்கினே இருக்கணும். நான் ஆட்டினா சோறு யாரு ஆக்கறது, இவரு ஆட்டினா தறி யாரு ஓட்டறது? நாங்க தூங்கி எத்தினி நாளாச்சு தெரியுமா?"

தறி ஓடுகிறதா என்று பார்க்க வந்த பெட்டி, தறியை ஓட விடாமல் செய்துகொண்டிருந்தது. நடந்தது அவ்வளவுதான். நட்சத்திரம் போட்டதும் அதற்குத்தான்.

வெள்ளிக்கிழமைக்குப் புடவை என்று வாக்குக் கொடுத்திருப்பதைச் சொன்னேன். சேகருக்கு அது தெரியவே தெரியாது. போனுக்குச் செய்தி வந்திருந்தது. அந்த போனில் குழந்தைக்குப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

அதே நேரம் என் போன் அடித்தது. சின்ன முதலாளி. அந்த அம்மாவுக்கு ஆவல் தாங்கவில்லையாம், நெய்தவர் கையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் தானே புடவையை வாங்கிக்கொள்ள வேண்டுமாம். மூவரும் காரில் வந்துகொண்டிருக்கிறார்கள், மிஷின் செய்த பெண்ணும் கூட இருக்கிறாள், கோயிலைத் தாண்டிவிட்டார்கள்.

தேவி தூளியில் இருந்து மின்மினியைப் பிய்த்துப் பலகையில் வைத்துக் கட்டப் பார்த்தாள். அது மஞ்சளானது. குழந்தை போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுத் தறி நின்றது. திரும்பத் தூளியில் கட்டினாள்.

"பெரிம்மா, பாவை எடுத்துட்டா நாங்க இன்னா பண்றது? ஒரு கம்பெனி பாவைப் புடுங்கின தறிக்கு வேற கம்பெனியில பாவு குடுக்க மாட்டாங்க. நீங்க எதாச்சும் சொல்லி அனுப்பிடுங்க."

நான் போய் வாசலில் நின்றேன். அந்த அம்மா சந்துக்குள் நடந்து வந்தார்கள். கையில் போன், கண்ணில் தண்ணீர். என்னைப் பார்த்ததும், "எங்கம்மா இருக்குது, என் பொண்ணு புடவை?" என்று கேட்டார்கள்.

என் வாயில் பதில் தயாராக இருந்தது. எத்தனையோ வருஷமாகச் சொன்ன பதில். சொன்னால் பொய்கூட இல்லை, ஒரு சாண் தறியில்தானே இருக்கிறது. சொல்லி, இன்னும் கொஞ்ச வேலை பாக்கி என்று அனுப்பிவிட்டால் சேகருக்குப் பாவு மிஞ்சும். ஆனால் அந்த அம்மா திரும்பிப் போய் மறுபடியும் நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வேறு புடவை தேட மாட்டார்கள். கல்யாணத்தன்று அந்தப் பெண்ணுக்குக் கட்ட ஒன்றும் இருக்காது. உண்மையைச் சொல்வதென்றால் அன்றைக்குச் சொன்னால்தான் உண்டு. அடுத்த வாரம் சொன்னால் அதனால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. பிள்ளைகளே, இதை யாரும் உங்களுக்கு டிரெயினிங்கில் சொல்ல மாட்டார்கள். உண்மைக்கும் டெலிவரி தேதி இருக்கிறது.

தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "அந்தப் பெட்டி தூளியில இருக்குதும்மா. புடவை இன்னும் நூலாத்தான் இருக்குது, ஒரு சாண்தான் நெய்ஞ்சிருக்குது. அவங்க ஏமாத்தல. பட்டை அறுந்துபோச்சு, கொழந்தைக்கு வெளக்கு புடிச்சுப்போச்சு."

முதலாளி முன்னால் நான் பேசிய பேச்சுகளில் நீளமானது அதுதான். சின்ன முதலாளி என்னைத் தாண்டி உள்ளே போனார். தூளியைப் பார்த்தார். தறியைப் பார்த்தார். மின்மினியை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டு, ரூல் ரூல்தான், இன்றைக்கே பாவை இறக்குங்கள் என்றார்.

அந்த அம்மா கேட்டார்கள், "பாவை எறக்கிட்டா என் பொண்ணு கல்யாணத்துக்கு எதைக் கட்டுவா? நூலையா?"

பாவை அறுத்து இன்னொரு தறியில் ஏற்றுவதென்றால் ஒவ்வொரு இழையாகப் பிணைக்க வேண்டும், அதற்குள் கல்யாணம் முடிந்து மறுவீடும் முடிந்துவிடும் என்று சேகர் மெதுவாகச் சொன்னான். சின்ன முதலாளி யோசித்தபடி அசையாமல் நின்றார். அவர் அசையாமல் நின்றதால் கையில் இருந்த மின்மினி மஞ்சளானது.

குழந்தை அழ ஆரம்பித்தது. சாதாரண அழுகை இல்லை, சந்துக்கே கேட்கிற அழுகை. சின்ன முதலாளி பதறிப்போய் என்ன செய்வது என்று தெரியாமல் கையை உதறினார். பச்சை வந்தது. அழுகை நின்றது. அவர் கையை நிறுத்தினார். மஞ்சள். அழுகை. மறுபடி உதறினார். பச்சை. அவருக்கு மெல்ல விளங்கியது. நிறுத்தப் பயந்து உதறிக்கொண்டே நின்றார். அந்த அம்மாவின் போனில் டிங் என்று ஒரு சத்தம் வந்தது. எடுத்துப் பார்த்து எங்களிடம் காட்டினார்கள். உங்கள் புடவை வேகமாக நெய்யப்பட்டுக்கொண்டிருக்கிறது என்று இருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. மிஷின் செய்த பெண் மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள், முதுகு குலுங்கியது.

சின்ன முதலாளிக்குக் கை வலித்தது. அந்தப் பெண்ணிடம் கொடுத்தார். அவள் ஆட்டினாள். அவளுக்கு வலித்ததும் அந்த அம்மா வாங்கிக்கொண்டார்கள். சேகர் தன் கையைப் பார்த்தான். வெகுநாளைக்குப் பிறகு இரண்டும் சும்மா இருந்தன. யாரையும் கேட்காமல் தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்து நெய்ய ஆரம்பித்தான். தேவி உள்பக்கம் போய்ப் படுத்தாள், படுத்ததும் தூங்கிவிட்டாள். நாங்கள் நால்வரும் மின்மினியைக் கைமாற்றிக் கைமாற்றி ஆட்டிக்கொண்டு அந்த அறையில் உட்கார்ந்திருந்தோம். சென்னைக் கடையில் இருந்து போன் வந்தது. சின்ன முதலாளி எடுத்து, நான் தறியில் இருக்கிறேன், அப்புறம் பேசுகிறேன் என்றார்.

வெகுநேரம் கழித்து அந்த அம்மா, இதை எதிலாவது கட்டி ஆட்ட முடியாதா, கை போகிறது என்றார்கள். அந்தப் பெண் நிமிர்ந்து, சேகர் கையில் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்த பலகையைப் பார்த்தாள். பிறகு தூளியைப் பார்த்தாள். பலகையில் இருந்து தூளிக்கு ஒரு கயிறு கட்டலாமே என்றாள். சேகர் ஒப்புக்கொள்ளவில்லை. பலகை கனத்தால் அடி மாறும், அடி மாறினால் புடவை ஒரு இடத்தில் நெருக்கமாகவும் ஒரு இடத்தில் தளர்வாகவும் வரும் என்றான். இருவரும் கயிற்றை நீட்டியும் குறைத்தும், தூளியை அந்த உத்தரத்துக்கும் இந்த உத்தரத்துக்கும் மாற்றியும் பார்த்தார்கள். கடைசியில் மெல்லிய கயிறு ஒன்று சரிப்பட்டது. அவன் பலகையை அடித்தால் தூளி ஆடியது. தூளி ஆடினால் பச்சை. பச்சை என்றால் குழந்தை வாயைத் திறக்கவில்லை.

சின்ன முதலாளி தொண்டையைக் கனைத்தார். மின்மினி இன்னும் தூளியில்தானே இருக்கிறது, ரூல்படி தறியோடு கட்டியிருக்க வேண்டுமே என்றார்.

"கட்டித்தான் சார் இருக்கு," என்று அந்தப் பெண் கயிற்றைக் காட்டினாள். "மின்மினி தூளியோட கட்டியிருக்கு. தூளி தறியோட கட்டியிருக்கு."

அவர் கயிற்றை இந்த முனையில் இருந்து அந்த முனைவரை பார்த்தார். சரி என்று சொல்லவில்லை. ஆனால் பாவை இறக்கச் சொன்னதைத் திரும்பச் சொல்லவும் இல்லை. வலது கையைப் பிசைந்துகொண்டே காரில் ஏறினார்.

அந்த அம்மாவிடம் நான் வேறு புடவை ஒன்றும் பார்த்து வையுங்கள் என்று சொன்னேன். பார்த்து வைத்தார்கள், தேவைப்படவில்லை. அன்றுமுதல் அந்த வீட்டில் மேஸ்திரி வேலை குழந்தை பார்த்தது. சேகர் கை நின்றால் மஞ்சள், மஞ்சள் வந்தால் அழுகை. ஒருநாள் பார்க்கப் போனபோது என்னிடம் முறையிட்டான்.

"எந்த மேஸ்திரியா இருந்தாலும் டீ குடிக்க வுடுவான் பெரிம்மா. இது வுடாது. அது தூங்கினாத்தான் எனக்கு லீவு."

புடவை முகூர்த்தத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தது. டி.வி. சொன்ன தேதியும் வந்த தேதியும் சரியாக இருந்தன, அந்தத் தறிக்கு முதல் முறையாக.

அந்தப் பாவு முடிந்ததும் சேகருக்கு அடுத்த பாவு போனது. நானே எடுத்துக்கொண்டு போனேன். தேவி கையில் வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் கீழே வைக்கவே இல்லை. அதோடு இரண்டு மின்மினி கொடுத்தனுப்பியிருந்தார்கள், ஒன்று பலகைக்கு, ஒன்று பாப்பாவுக்கு. இதில் ஒரு சிக்கல். தறி இல்லாமல் மின்மினி கொடுக்கக் கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ளாது. எந்தத் தறிக்கு, எந்தத் தறிக்கு என்று கேட்டுக்கொண்டே இருக்கும். அதனால் மிஷின் செய்த பெண், குழந்தையைப் புதுத் தறி என்று கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டாள். சின்ன முதலாளி அப்போது பக்கத்தில்தான் நின்றார், ஜன்னல் வழியாக வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

உங்கள் டி.வி.யில் இன்னும் அது இருக்கிறது. சேகர் தறியை ஒட்டி இன்னொரு புள்ளி, அதற்குத்தான் இந்தக் கதையெல்லாம் எழுதினேன். போன வாரம் "தறி இடம் மாறுகிறது" என்று சிவப்பு எழுத்து வந்ததாம், உங்களில் ஒருத்தி தறியை யாரோ தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள் என்று பயந்து செக்யூரிட்டியைக் கூப்பிட்டாளாம். பயப்பட வேண்டாம். அந்தத் தறி இப்போது நடக்கிறது. காலையில் அங்கன்வாடிக்குப் போகும். மதியம் சாப்பிட்டுவிட்டு அங்கேயே கொஞ்சம் தூங்கும், அப்போது மஞ்சள். பிறகு வீட்டுக்கு வரும், வழியில் ஆட்டுக்குட்டியைப் பார்த்தால் நின்றுவிடும். சார்ஜ் தீர்ந்தால் தேவி ஆபீசுக்கே எடுத்து வருவாள், ஒன்றும் கேட்காமல் மாற்றிக் கொடுங்கள். அண்ணாநகர் அம்மாவிடமும் அந்த லிங்க் இருக்கிறது, சாயங்காலம் புள்ளி வீடு சேர நேரமானால் போன் செய்வார்கள். அவர்களுக்கு மரியாதையாகப் பதில் சொல்லுங்கள்.

கல்யாண வீட்டுக்காரர்கள் புடவை எங்கே என்று கேட்டால் மட்டும் டி.வி.யைப் பார்த்துச் சொல்லாதீர்கள். செருப்பைப் போட்டுக்கொண்டு ஒரு நடை போய், சந்தில் நின்று காது கொடுத்துக் கேட்டுவிட்டு வந்து, இருக்கிறபடி சொல்லுங்கள், தாமதிக்காமல் சொல்லுங்கள்.

ஆனால் சென்னையில் இருந்து புது ஆபீசர் யாராவது வந்து அந்தப் புள்ளியைக் காட்டி, வருஷக்கணக்கில் இத்தனை ஆட்டம் ஆடியிருக்கிற தறியில் இருந்து ஏன் ஒரு புடவைகூட வரவில்லை, அதெல்லாம் எங்கே என்று கேட்டால், அதற்குப் பழைய பதில்தான். "தறியில இருக்குதும்மா." கேட்கிறவர் ஆம்பளையாக இருந்தால் "சார்" என்று மாற்றிக்கொள்ளுங்கள்.